கத்திரி வெயிலில் குதிரைக்கு முதலில் தண்ணீர்

மதுரைப் பக்கம் வீட்டில் குதிரை வளர்ப்பவர்கள் கொள்ளுக்குக் காட்டும் அக்கறையைத் தண்ணீருக்குக் காட்டுவதில்லை. 400 கிலோ எடையுள்ள குதிரைக்குச் சாதாரண நாளிலேயே சுமார் 20 லிட்டர் வேண்டும். சித்திரை, வைகாசியில், அதுவும் வண்டி இழுக்கும் குதிரை என்றால், இரண்டு மடங்குகூட ஆகலாம். தொட்டியை நிழலில் வையுங்கள், தினமும் பாசி தேய்த்துக் கழுவுங்கள். பக்கத்தில் ஒரு கல்லுப்புக் கட்டி இருந்தால் இன்னும் நல்லது.

தண்ணீர் குறைந்தால் தின்ற வைக்கோல் குடலில் இறுகிக் கடும் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் இதை லேசாக நினைக்கவே கூடாது. லத்தி போடுவது குறைந்தாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, தரையைக் காலால் சுரண்டினாலோ, படுத்துப் புரண்டாலோ தீவனத்தை நிறுத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வைகைக் கரையோரம் குதிரையைக் கட்டுபவர்கள் தீவனத்தை மணல்மேல் கொட்டாதீர்கள், மணலும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும். அப்புறம், கொள்ளின் அளவைத் திடீரென்று கூட்டாமல் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.