எடிட்டர் வேலைக்கு விளம்பரம் வராது, வேறு பெயரில் தேடுங்கள்

தமிழில் ‘எடிட்டர் தேவை’ என்று விளம்பரம் வருவது அபூர்வம். ‘மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும்’, ‘டிடிபி தெரிந்த உதவியாளர்’, ‘உதவி ஆசிரியர்’, ‘தமிழ் ரிவ்யூவர்’ என்றுதான் வரும், அதிலும் பல இடங்கள் வெளியே தெரியாமல் தெரிந்தவர் மூலமே நிரம்பிவிடும். அதனால் எழுத்துப் பிரதிகளைச் செப்பனிடும் எடிட்டிங்கைத் தொழிலாக எடுக்க நினைத்தால் முதலில் அந்தப் பெயரில் வேலை தேடுவதை நிறுத்துங்கள். வேலை இருக்கிறது. வேறு வேறு பலகைக்குப் பின்னால் இருக்கிறது.

“நிறையப் படிப்பேன், எங்கே பிழை இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும், இதையே பிழைப்பாக்க முடியுமா?” என்று கேட்பவர்கள் அதிகம். முடியும். ஆனால் பிழை கண்ணில் படுவது இந்த வேலையில் கால்வாசி. மீதி என்ன என்பதைச் சொல்வதைவிடக் காட்டிவிடலாம். ஒரு தன்வரலாற்றின் பிரதியில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“1975-ல் பிறந்த மாமா 1998-ல் தன் பத்தொன்பதாவது வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். அவர் கிளம்பிய அன்று அப்பாவை பார்த்து அழுதது இன்றும் நினைவிருக்கிறது. அவர் முகத்தில் அவ்வளவு பதட்டம்.”

மெய்ப்புப் பார்ப்பவர், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துபவர், ‘அப்பாவைப் பார்த்து’ என்று ஒற்றுப் போடுவார், ‘பதட்டம்’ என்பதைப் ‘பதற்றம்’ ஆக்குவார், அடுத்த வரிக்குப் போவார். எடிட்டர் அங்கேயே நின்று கணக்குப் போடுவார். 75-ல் பிறந்தவருக்கு 98-ல் 23 வயது, ஆக மூன்றில் ஏதோ ஓர் எண் தப்பு. அப்புறம், அழுதது யார்? மாமாவா, எழுதுகிறவரா? பதற்றம் யார் முகத்தில், மாமா முகத்திலா அப்பா முகத்திலா? இதையெல்லாம் நாமே ஊகித்து மாற்றிவிடக் கூடாது. ஓரத்தில் கேள்வி எழுத வேண்டும், அதுவும் ‘தெளிவாக இல்லை’ என்று மொட்டையாக எழுதினால் நூலாசிரியருக்குக் கோபம்தான் வரும். இப்படி எழுதுங்கள்: ‘ஐயா, பிறந்த ஆண்டு 1975 என்றால் 1998-ல் வயது 23 ஆகிறது. முன்னால் ஓர் அத்தியாயத்தில் மாமா 1991-ல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார் என்று வருகிறது, அதோடு 1975 பொருந்துகிறது. எனவே வயதையோ சேர்ந்த ஆண்டையோ மாற்ற வேண்டியிருக்கலாம், எது சரி?’ ஆசிரியர் ஒரே வார்த்தையில் பதில் சொல்லும்படி இருக்க வேண்டும் கேள்வி. என்னைக் கேட்டால், யாராவது எடிட்டர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவர் திருத்திய பக்கத்தைப் பார்ப்பதைவிட அவர் கேட்ட கேள்விகளைப் பார்ப்பதே போதும்.

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில். கையில் பேனா கிடைத்ததும் கண்ணில் பட்டதை எல்லாம் திருத்துவது. யாழ்ப்பாணத்துக்காரர் ‘கதைத்தார்’ என்று எழுதியிருந்தால் அதைப் ‘பேசினார்’ ஆக்க உங்களுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. கனடாவிலிருந்து வரும் பிரதியில் ‘ரொறன்ரோ’ என்றிருக்கும், சென்னையில் ‘டொராண்டோ’ என்போம். எது வேண்டும் என்று பதிப்பாளரிடம் ஒரு தடவை கேட்டு, குறித்துவைத்துக்கொண்டு, கடைசிப் பக்கம்வரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் ‘குறித்துவைத்துக்கொள்வது’தான் ஸ்டைல் ஷீட். தமிழில் எழுத்துமுறைக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விதி கிடையாது, ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் ஒரு வழக்கம், சில இடங்களில் முதலாளிக்கு ஒன்று ஆசிரியருக்கு ஒன்று. ‘2008-ல்’ என்றா, ‘2008இல்’ என்றா? ‘வந்துவிட்டான்’ என்று சேர்ப்பதா, ‘வந்து விட்டான்’ என்று பிரிப்பதா? ‘ஃபேஸ்புக்’கா, ‘பேஸ்புக்’கா, ‘முகநூலா’? உரையாடலுக்கு ஒற்றை மேற்கோளா, இரட்டையா? கிரந்த எழுத்து எதுவரை? ஒரு பிரதியைத் தொடங்கிய முதல் இருபது பக்கத்துக்குள் இந்த மாதிரி முப்பது நாற்பது முடிவுகள் வந்துவிடும். ஒரு எக்செல் தாளில் எழுதிவைத்து, வேலை முடிந்ததும் புத்தகத்தோடு சேர்த்து அந்தத் தாளையும் பதிப்பாளருக்கு அனுப்புங்கள். கேட்காமலே அனுப்புங்கள். அடுத்த புத்தகத்துக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

சரி, யாரும் வேலை கொடுக்காதபோது எதை வைத்துப் பழகுவது? தமிழ் விக்கிமூலம். இதைவிட நல்ல இலவசப் பயிற்சிக்கூடம் எனக்குத் தெரியாது. நாட்டுடைமையான நூல்கள் ஏராளமாக அங்கே இருக்கின்றன, ஒரு பக்கம் பழைய அச்சுப் பக்கத்தின் படம், இன்னொரு பக்கம் எந்திரம் படித்துக் கொடுத்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். யாரும் தொடாத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள், இரண்டாவது ஆள் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கிய பக்கத்தை வேறொருவர் பச்சையாக்கும்போது பக்க வரலாற்றில் போய்ப் பாருங்கள், நீங்கள் எதை விட்டீர்கள் என்று அப்படியே தெரியும். உங்கள் கண் எந்த எழுத்தில் ஏமாறும் என்பது ஒரு புத்தகம் முடிப்பதற்குள் பிடிபட்டுவிடும். பயனர் கணக்கில் எல்லாம் பதிவாகி இருப்பதால் பிற்பாடு ‘என்ன அனுபவம்?’ என்று கேட்பவருக்குக் காட்டவும் முடியும்.

மேசையில் இருக்க வேண்டியவை குறைவுதான். இன்றைய எழுத்துத் தமிழுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 1992-ல் வந்து 2020-ல் மூன்றாம் பதிப்பு கண்டது, ஒரு வினை இன்றைக்கு எந்தப் பொருளில் எப்படி வழங்குகிறது என்று எடுத்துக்காட்டோடு சொல்லும். பழைய சொல் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, அது சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடும் வசதியோடு இலவசமாகவே கிடைக்கிறது. நீச்சல்காரன் உருவாக்கிய இணையக் கருவிகளில் ‘வாணி’ எழுத்துப்பிழைக்கும் ‘நாவி’ சந்திப்பிழைக்கும் முதல் சல்லடையாக உதவும். அவை சிவப்புக் கோடு போட்டதை எல்லாம் மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

ஒரு விஷயம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் இருக்காது, எழுத்துருக் குளறுபடி. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிரதியை யூனிகோடுக்கு மாற்றும்போதும், கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்பவர்களாலும் சில வேடிக்கைகள் நடக்கும். ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழான ‘௭’ உட்கார்ந்திருக்கும், ‘அ’ இடத்தில் எட்டான ‘௮’. துணைக்காலுக்குப் பதில் ‘ர’ இருக்கும். ‘ஔவை’ என்பதில் முதலெழுத்து ஒற்றை எழுத்தாக இல்லாமல் ‘ஒ’வும் ‘ள’வுமாக இருக்கும். அச்சில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, மின்னூலில் தேடினால் சொல் அகப்படாது, பொருளடைவு தயாரிக்கும்போது வரிசை மாறிவிடும். வேர்டில் ‘௭’, ‘௮’ இரண்டையும் தேடிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் யூனிகோடுத் தமிழ் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ போடப்பட்டிருக்கிறதா என்று வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் பார்க்காமல் அடிக்கப் பழகிக்கொள்வது வேகத்துக்கு நல்லது. வேர்டில் ‘மாற்றங்களைப் பதிவுசெய்’ (டிராக் சேஞ்சஸ்) வசதியை முடுக்காமல் அடுத்தவர் பிரதியில் ஒரு கமாவைக்கூடத் தொடாதீர்கள்.

இனி வேலை எங்கே என்று பார்க்கலாம்.

பதிப்பகங்களுக்கு சென்னைப் புத்தகக் காட்சிதான் ஆண்டுக் கணக்கு. அது பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி நடக்கும், எனவே அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை ஒவ்வொரு பதிப்பகமும் கழுத்துவரை மெய்ப்பில் கிடக்கும். நீங்கள் போய்க் கதவைத் தட்ட வேண்டியது ஆகஸ்ட், செப்டம்பரில். வெறும் சுயவிவரத்தோடு போகாதீர்கள். அவர்கள் சமீபத்தில் போட்ட ஒரு புத்தகத்தை வாங்கி, பத்துப் பக்கம் எடுத்து, பக்கம், வரி, இருப்பது, இருக்க வேண்டியது, ஏன் என்று ஒரு பட்டியல் போட்டு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தனி மின்னஞ்சலில். அதே பட்டியலை ஃபேஸ்புக்கில் ‘இப்படியா புத்தகம் போடுவது’ என்று போட்டால் நூறு பேர் கைதட்டுவார்கள், ஒருவர்கூட வேலை கொடுக்க மாட்டார். முதலில் கிடைப்பது இரண்டாம் மெய்ப்பாகத்தான் இருக்கும், அதாவது முதல் மெய்ப்பில் குறித்த திருத்தங்களை எல்லாம் போட்டிருக்கிறார்களா என்று ஒப்பிடுவது. சலிப்பான வேலை. ஆனால் அனுபவமுள்ள இன்னொருவர் ஒரு பிரதியில் என்னென்ன செய்தார் என்பதைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேறு வாய்ப்பே கிடையாது.

பத்திரிகை வழி பழைய வழி, இன்றும் திறந்திருக்கிறது. கல்லூரியில் இருப்பவர்களுக்கு விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் மாதிரியானவை உண்டு. உதவி ஆசிரியராக ஓரிரு வருடம் இருந்தால் தலைப்பு வைக்கவும், நானூறு சொல்லை இருநூறாக்கவும், மணி அடிப்பதற்குள் முடிக்கவும் வந்துவிடும். புத்தக எடிட்டிங்குக்கு வேண்டிய பொறுமையை மட்டும் அது கற்றுத்தராது.

மொழிபெயர்ப்பு ரிவ்யூ பக்கம் காசு கொஞ்சம் ஒழுங்காக வரும். செயலிகள், இணையதளங்கள், ஓடிடி சப்டைட்டில் எல்லாவற்றுக்கும் மொழிபெயர்த்ததைச் சரிபார்க்க ஆள் வேண்டும், இப்போது எந்திரம் மொழிபெயர்த்ததைச் சரிபார்க்கவும். மைக்ரோசாஃப்டும் நெட்ஃபிளிக்ஸும் தமிழுக்கான நடை வழிகாட்டிகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன, இரண்டையும் ஒருமுறை படித்துவிட்டு, வேலைக்கு எடுக்குமுன் வைக்கும் தேர்வை எழுதினால் பாதிக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கும். டிராடோஸ், மெமோக்யூ போன்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் ஏதாவது ஒன்றில் கை பழகியிருக்க வேண்டும்.

மாதச் சம்பளம், பிஎஃப் எல்லாம் வேண்டும் என்றால் நேராக ஆங்கிலப் பக்கம் போங்கள். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும், ஆனால் உண்மை அதுதான். அமெரிக்க, ஐரோப்பியப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களும் பாடப்புத்தகங்களும் பல வருடங்களாகச் சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் காப்பி எடிட்டிங்கும் பக்க வடிவமைப்பும் ஆகின்றன. நியூஜென், ஸ்ட்ரெய்வ், புதுச்சேரியில் இன்டெக்ரா என்று நிறுவனங்கள் இருக்கின்றன. இங்கே ஆங்கில இலக்கியம் படித்தவர்களைவிட வேதியியல், உயிரியல் முதுகலை முடித்து ஆங்கிலமும் ஒழுங்காக எழுதுபவர்களுக்குச் சில சமயம் மதிப்பு அதிகம். சேரும்போது ஒரு தேர்வு வைப்பார்கள், ஒரு கட்டுரைத் துண்டு கொடுத்து, மேற்கோள் பட்டியலை ஏபிஏ, வான்கூவர் மாதிரி ஏதோ ஒரு முறைக்கு மாற்றச் சொல்லி, ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதச் சொல்வார்கள். கட்டுரைக்குள் மேற்கோள் எண் 12 என்று போட்டிருக்கும், பட்டியல் 11-லேயே முடிந்திருக்கும். சதவீத அட்டவணையின் கூட்டுத்தொகை நூறைத் தாண்டியிருக்கும். அந்த மாமாவின் வயதுக் கணக்கு இங்கேயும்தான். வேலை கொஞ்சம் தொழிற்சாலை மாதிரி ஓடும், தினமும் பக்கக் கணக்கு கேட்பார்கள், ஆனால் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தால் கை திருந்திவிடும். உயிரறிவியல் பக்கம் இருப்பவர்கள் பட்டப்படிப்பும் இரண்டு வருட அனுபவமும் ஆனதும் ‘பெல்ஸ்’ என்ற எடிட்டர் சான்றிதழ்த் தேர்வு எழுதலாம், வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் தனியாக வேலை எடுக்க அது உதவும்.

படிப்பு வேண்டுமா என்றால், கட்டாயமில்லை. கொல்கத்தாவில் சீகல் பதிப்பகம் நடத்தும் பதிப்புப் பள்ளி பற்றி நல்லபடியாகவே சொல்வார்கள், அஞ்சல்வழியில் என்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் புத்தக வெளியீட்டுக்கென்றே முதுநிலைப் பட்டயம் தொடங்கி நடத்தினார்கள், இந்த வருடச் சேர்க்கை உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பதிப்பாளர் எவரும் சான்றிதழ் கேட்டு நான் பார்த்ததில்லை, பத்துப் பக்கம் திருத்திக் காட்டச் சொல்வார்கள்.

கடைசியாகப் பணம். தமிழில் பக்கத்துக்கு இவ்வளவு அல்லது ஃபாரத்துக்கு இவ்வளவு என்று பேசுவார்கள், ஒரு ஃபாரம் வழக்கமாகப் 16 பக்கம். ஏ4-ல் அடித்த பக்கமா அச்சுப் பக்கமா என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள், இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சொல் கணக்கில் பேசினால் ஆங்கிலத்துக்குச் சொல்லும் தொகையை அப்படியே தமிழுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், ‘போய்க்கொண்டிருக்கும்போதுதான்’ என்பது கணினிக்கு ஒரே சொல். (சொற்களைப் பிரித்து எழுதும் பதிப்பகங்களில் உங்கள் பில் தானாகவே ஏறும், அதற்காக ஸ்டைல் ஷீட்டை வளைக்க வேண்டாம்.) முதல் இரண்டு மூன்று வேலைக்கு மணி பார்த்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை பக்கம் ஓடுகிறது என்று குறித்துவையுங்கள், அது தெரியாமல் யாருக்கும் விலை சொல்ல முடியாது. பதிப்பு விவரப் பக்கத்தில் உங்கள் பெயர் வருமா என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், புத்தகம் அச்சுக்குப் போன பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை. எத்தனை மெய்ப்பு இந்தத் தொகைக்குள் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் ஆசிரியர்களில் சிலர் பக்க வடிவமைப்பெல்லாம் முடிந்த பிறகுதான் புதிதாக ஓர் அத்தியாயம் எழுதிக்கொண்டு வருவார்கள். முன்பணம் கேட்கக் கூச்சமாக இருந்தால் பாதி வேலையை அனுப்பும்போது பாதித் தொகை என்று வைத்துக்கொள்ளலாம், இரண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மெய்ப்புக்கும் தனிக் கட்டணம் என்பதை மட்டும் முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.