காலையில் கண்டால் மாலையில் சினை ஊசி

பசு வேட்கைக்கு (இணை சேரும் பருவத்துக்கு) வந்ததைக் காலையில் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி, அதாவது செயற்கை முறையில் விந்து செலுத்தும் ஊசி, போடுவிக்க வேண்டும். அவசரப்பட்டு உடனேயே போடுவித்தால் ஊசியும் வீணாகி, அடுத்த வேட்கைக்காக ஏறக்குறைய 21 நாட்கள் காத்திருக்கவும் நேரலாம். மற்ற மாடு மேலே ஏறும்போது விலகாமல் அசையாது நிற்பதே சரியான அடையாளம். கத்துவதை மட்டும் நம்பக்கூடாது, பசிக்கும் மாடு கத்தும். அசையாது நிற்கத் தொடங்கி ஒரு நாள் கடந்த பின்னரே பெரும்பாலும் முட்டை வெளியாகிறது. அது சில மணித்தியாலங்களே உயிர்ப்புடன் இருப்பதால், விந்து சற்று முன்னரே உள்ளே சென்று தயாராக இருக்க வேண்டும்.

முட்டை வெண்கருவைப் போலத் தெளிந்து கயிறாகத் தொங்கும் சளி நல்ல அறிகுறியாகும். வாலில் இரத்தக்கறை தென்பட்டால் காலம் கடந்துவிட்டது. ஊசி போடுவிக்காமல் அன்றைய திகதியைக் குறித்து வைத்து, 17ஆம் நாளிலிருந்து கவனிக்கலாம்.

எருமைக்கு இக்கணக்கை அப்படியே நம்ப இயலாது. அதன் வேட்கை பெரும்பாலும் இரவில், வெளித்தெரியாமல் வந்துபோகும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நாம்பன்களுடன் (காளைகளுடன்) மேயும் பட்டி மாடுகளுக்கு இது தேவையுமில்லை.