மீன் லோடு பிக்கப்புக்கு கியர் ஆயில் மாத்துறது எப்படி: முதல்ல மேல் நட்டு, அப்புறம்தான் கீழ் நட்டு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் மீன் லோடு அடிக்கிற பிக்கப் வச்சிருக்கிறவங்க இன்ஜின் ஆயிலை கரெக்டா மாத்திருவாங்க, கியர் ஆயிலைத்தான் யாரும் கண்டுக்கிறது இல்ல. சத்தம் வந்தா பாத்துக்கலாம்னு விட்டுர்றாங்க. சத்தம் வருதுன்னாலே உள்ள பேரிங்கோ பல்லோ தேய்ஞ்சு போச்சுன்னுதான் அர்த்தம், அப்புறம் கியர்பாக்ஸை இறக்கி வேலை பாக்குற காசுக்கு வருஷக்கணக்கா ஆயில் மாத்தியிருக்கலாம்.

நம்ம ஊர்ல இன்னொன்னும் இருக்கு, உப்பு. ஐஸ் உருகி பாடியிலருந்து ஒழுகுற மீன் தண்ணி, உப்பங்காத்து, கரைவலை மீனை ஏத்த கடற்கரை மணல்ல இறக்குறது, எல்லாம் சேந்து வண்டிக்கு அடியில இருக்கிற நட்டு எல்லாத்தையும் துரு பிடிக்க வச்சிரும். அதனால வண்டியோட குடுத்த மேனுவல் புக்குல போட்டிருக்கிற கிலோமீட்டர் வரட்டும்னு காத்திருக்காதீங்க, கொஞ்சம் முன்னாடியே மாத்திருங்க. மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும், விசைப்படகு போகாது, லோடு கொறச்சலா இருக்கும், வண்டி வாசல்ல நிக்கும், இந்த வேலைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஆயில் வாங்குறது

கடையில போயி "90 ஆயில் குடுங்க"ன்னு மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்துறாதீங்க. வண்டி புக்கை எடுத்து கியர்பாக்ஸுக்கு என்ன போட்டிருக்குன்னு பாருங்க. 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 இதெல்லாம் ஆயிலோட தடிமன். அதோட ஜிஎல்-4, ஜிஎல்-5ன்னு ஆயிலோட தரக்குறி ஒண்ணு இருக்கும், அதையும் கட்டாயம் பாக்கணும். ஜிஎல்-5ல பல்லைக் காப்பாத்துறதுக்கான கந்தகம், பாஸ்பரஸ் சமாச்சாரம் அதிகம், பின்னாடி அச்சுல இருக்கிற கிரவுனுக்கு (டிஃபரன்ஷியல்) அது சரி. ஆனா கியர்பாக்ஸ் உள்ள சின்க்ரோ ரிங், அதாவது கியர் சத்தமில்லாம விழ வைக்கிற வளையம், பல வண்டியில பித்தளை, சூட்டுல அந்த மருந்து பித்தளையை அரிக்கும், கியர் விழுகுறதும் மக்கர் பண்ணும். புக்குல ஜிஎல்-4ன்னு இருந்தா ஜிஎல்-4 மட்டும்தான், ஜிஎல்-5ன்னு அவங்களே போட்டிருந்தா தாராளமா ஊத்துங்க. கிரவுனுக்கு வாங்குன ஆயில் மிச்சம் இருக்குன்னு இதுல ஊத்துறதை பல இடத்துல பாக்குறேன், தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க.

எம்புட்டு ஆகும்ங்கிறதும் புக்குலயே இருக்கும், பெரும்பாலான பிக்கப்புக்கு 2 லிட்டர் சுத்துலதான் வரும், அரை லிட்டர் கூட வாங்கி வச்சிக்கங்க. புது வாசர் ரெண்டு, நட்டுக்கு கரெக்டா உக்கார்ற பாக்ஸ் ஸ்பேனர், பழைய ஆயில் பிடிக்க அகலமான தட்டு, பனியன் வேஸ்ட், ஆயில் ஏத்துறதுக்கு கைபம்போ புனலும் நீளமான ட்யூபும். கையுறை போட்டுக்கங்க.

வண்டியை நிப்பாட்டுறது

ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு வாங்க, ஆயில் சூடானாத்தான் அடியில தங்குன கசடோட சேந்து இறங்கும். ரொம்ப கொதிக்க கொதிக்கவும் வேணாம், கை வெந்துரும்.

நம்ம வீட்டு வாசல் எல்லாம் மணல். மணல்ல ஜாக்கி போட்டா மெதுவா இறங்கும், சாயும், அதுக்கு அடியில ஆள் படுக்கவே கூடாது. சிமெண்டு தளம் இருக்கிற இடமா பாத்து நிப்பாட்டுங்க, சர்வீஸ் குழி கிடைச்சா ரொம்ப நல்லது. பிக்கப் உயரமான வண்டிங்கிறதால நெறைய பேருக்கு தூக்காமலே கை போயிரும். தூக்கித்தான் ஆகணும்னா நாலு பக்கமும் ஸ்டாண்டு குடுத்து சமமா நிறுத்துங்க, முன்னாடி மட்டும் தூக்குனா ஆயில் அளவு தப்பா காட்டும், வெறும் ஜாக்கியை நம்பி உள்ள போகவே போகாதீங்க. ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்கு கட்டை குடுத்து, சாவியை எடுத்து பாக்கெட்டுல போட்டுக்கங்க.

மேல் நட்டு

கியர்பாக்ஸ் பக்கவாட்டுல நடுவாக்குல ஒரு நட்டு இருக்கும், அது ஆயில் ஊத்துறது. அடியில இருக்கிறது பழைய ஆயிலை இறக்குற டிரெயின் நட்டு. எப்பவுமே மேல் நட்டைத்தான் முதல்ல கழட்டணும், ஏன்னா கீழ கழட்டி ஆயிலை பூரா இறக்கிட்டு அதுக்கப்புறம் மேல் நட்டு துருப்பிடிச்சு வரலைன்னா வண்டி நகராது, ஆயில் ஊத்த வழியே இல்ல, விடியக்காலம் லோடு ஏத்த வேண்டிய வண்டி அங்கயே கிடக்கும்.

நட்டைச் சுத்தி இருக்கிற மணல், உப்பு எல்லாத்தையும் கம்பி பிரஷ்ஷால தேச்சு எடுங்க, இல்லைன்னா கழட்டும்போது அது உள்ள போகும். துரு இருந்தா முதல் நாள் ராத்திரியே டபிள்யூடி-40 அடிச்சு விட்டுருங்க, காலையில இன்னொரு தடவை அடிங்க. அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் போட்டு மல்லுக்கட்டுனா முனை மழுங்கிரும், அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. மேல் நட்டு அசையவே இல்லையா, கீழ் நட்டைத் தொடாம அப்படியே மெக்கானிக்கிட்ட ஓட்டிட்டுப் போங்க.

இறக்குறது

மேல வந்துருச்சுன்னா தட்டை வச்சிட்டு கீழ கழட்டுங்க, முதல்ல வேகமா தள்ளி அடிக்கும், தட்டை அதுக்கேத்த மாதிரி வைங்க. சொட்டு நிக்கிற வரைக்கும் விடுங்க, அவசரப்படாதீங்க.

இப்பதான் முக்கியமான வேலை, வந்த ஆயிலைப் பாக்குறது. கருப்பா இருந்தா பழசு, அம்புட்டுதான். நட்டு முனையில காந்தம் இருந்தா அதுல மை மாதிரி சாம்பல் கலர்ல ஒட்டியிருக்கும், அது எல்லா வண்டியிலயும் வர்றது, துடைச்சு விடுங்க. கைக்குத் தட்டுப்படுற இரும்புத் துண்டு, பல் உடைஞ்ச சில்லு இருந்தா ஆயில் மாத்தி பிரயோஜனம் இல்ல, கியர்பாக்ஸைப் பிரிச்சுப் பாக்கணும். பித்தளைத் தூள் மினுமினுன்னு நெறைய வந்தா சின்க்ரோ தேயுது.

ஆயில் வெள்ளையா கலங்கலா இருக்குன்னா தண்ணி போயிருக்கு. 2017-ல தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வர்றதுக்கு முன்னாடி முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினா வண்டி மணல்லயும் தண்ணியிலயும்தான் போகணும், இப்பவும் கரையில இறக்குறவங்களுக்கு இது வரும். கியர்பாக்ஸ் மேல பிரீதர்னு ஒரு சின்ன மூச்சு ஓட்டை இருக்கு, சூடான கியர்பாக்ஸ் திடீர்னு தண்ணியில இறங்கி குளிர்ந்தா உள்ள இருக்கிற காத்து சுருங்கி அது வழியாவும், ஆயில் ஒழுகாம தடுக்கிற சீல் வழியாவும் தண்ணியை இழுத்துரும். அப்படி வந்துச்சுன்னா புது ஆயில் ஊத்தி கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடி இறக்குங்க, சுத்தமா வர்ற வரைக்கும். உப்புத் தண்ணி பேரிங்கை சீக்கிரமே துருவேத்திரும், நாளைக்குப் பாக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. பிரீதர்ல மண் அடைச்சிருந்தா அதையும் சுத்தம் பண்ணிருங்க.

ஊத்துறது

கீழ் நட்டுக்கு புது வாசர் போட்டு, முதல்ல கையால திருகி, மரை ஏறுனதுக்கப்புறம் ஸ்பேனரால இறுக்குங்க. கியர்பாக்ஸ் ஓடு அலுமினியம், வெறி பிடிச்ச மாதிரி இறுக்குனா மரை போயிரும், எவ்வளவு இறுக்கணும்னு புக்குல இருக்கும். அப்புறம் மேல் ஓட்டை வழியா மெதுவா ஏத்துங்க, ஓட்டை விளிம்பு வரைக்கும் வந்து வழிய ஆரம்பிச்சா நிறுத்துங்க. கொஞ்சம் வழிஞ்சு நின்னதும் மேல் நட்டைப் பூட்டிருங்க. கூட இருக்கட்டும்னு திணிச்சா நுரைக்கும், சீலைத் தள்ளிட்டு வெளிய வரும்.

மாத்தாம அளவு மட்டும் பாக்கணும்னா வண்டி ஆறுனதும் மேல் நட்டைக் கழட்டி விரலை உள்ள விட்டு கீழ மடக்குங்க. விளிம்புலயே ஆயில் பட்டா போதும், பத்தலைன்னா அதே வகை ஆயிலை விளிம்பு வரைக்கும் ஊத்துங்க. ஆனா கியர் ஆயில் எரிஞ்சு கொறையாது, கொறைஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். பின்னாடி சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் ஜாயிண்ட் சேர்ற இடத்து சீல், நட்டு, கிளட்ச் இருக்கிற கூட்டோட (ஹவுசிங்) அடிப்பக்கம் மூணையும் பாருங்க. கிளட்ச் பக்கம் ஒழுகுனா கிளட்ச் பிளேட்டும் போயிரும், சீக்கிரம் காட்டுங்க.

ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து ரெண்டு நட்டையும் துணியால துடைச்சுப் பாருங்க, ஈரம் இல்லைன்னா சரி. மாத்துன தேதியையும் கிலோமீட்டரையும் கதவு உள்பக்கம் எழுதி வச்சிக்கங்க.

பழைய ஆயிலை மணல்ல ஊத்திறாதீங்க. ராமேஸ்வரம் தீவுல நம்ம குடிக்கிற நல்ல தண்ணி மணலுக்கு அடியில கொஞ்ச ஆழத்துலயேதான் நிக்குது, ஊத்துன ஆயில் அப்படியே கிணத்துக்குப் போகும். ஆயில் வந்த கேன்லயே திரும்ப ஊத்தி மூடி, ஆயில் மாத்துற ஒர்க்‌ஷாப்புல குடுத்துருங்க, பழைய ஆயில் எடுக்கிறவங்க அங்க வந்து வாங்கிக்குவாங்க.