சம்பளம் கூட்டியும் மனம் ஆறவில்லையா? மேலாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று சுருங்கிப்போனால், மேலாளருக்கு முதலில் தோன்றுவது சம்பளம்தான். கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார். பல சமயம் ஆவதில்லை. கைக்கு வந்ததை மட்டும் யாரும் எண்ணுவதில்லை. தன் உழைப்பையும் பலனையும் அடுத்தவருடையதோடு வைத்துப் பார்க்கிறோம் என்று உளவியலாளர் ஜே. ஸ்டேசி ஆடம்ஸ் 1963-லேயே எழுதிவிட்டார். எல்லோருக்கும் ஒரே மாதிரி கூட்டினால் அந்தக் குறை அப்படியேதான் இருக்கும்.

இதைவிடப் பெரிய தவறு, காரணம் சொல்லாமல் முடிவை மட்டும் அறிவிப்பது. ஜெரால்ட் கிரீன்பர்க் 1990-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்க நிறுவனம் ஒன்று, தன் இரண்டு ஆலைகளில் பத்து வாரங்களுக்கு 15 சதவீத ஊதியத்தைக் குறைத்தது. ஓர் ஆலையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, கணக்கைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் பேச்சை முடித்துக்கொண்டார்கள். குறைத்த தொகை ஒன்றுதான். ஆனால் இரண்டாவது ஆலையில்தான் பொருள் திருட்டு அதிகம். வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் அதிகம்.

பணத்தைத் தாண்டி இதில் ஒரு விஷயம் இருக்கிறது. நம்மை நடத்தும் விதத்தை வைத்துத்தான் 'இங்கே எனக்கு என்ன மதிப்பு' என்று நாம் முடிவு செய்கிறோம். ஆண்டு மதிப்பீட்டில் மேலாளர் மடிக்கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் "உங்களுக்கு மூன்று" என்று மட்டும் சொன்னால், எதிரே இருப்பவர் அந்த எண்ணைத் தன் வேலைக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வதில்லை, தனக்கே போட்ட மதிப்பெண்ணாகக் கேட்கிறார். எந்த வேலையில், எந்த அளவுகோலில் மூன்று என்று சொன்னால் அது திருத்திக்கொள்ளக்கூடிய குறையாகிறது. "நீங்கள் பொறுப்பில்லாதவர்" என்பதை யாரால் திருத்த முடியும்? "மார்ச் அறிக்கை இரண்டு நாள் தாமதம்" என்றால் பேசித் தீர்க்கலாம்.

எல்லாம் முடிவான பிறகு கருத்துக் கேட்பதும் வேண்டாம். அது ஒப்புக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கடைசியாக, "அவர் சுபாவமே அப்படி, எதிலும் திருப்தி வராது" என்று ஒதுக்குவது. தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு வேலையிலும் திருப்தி கூடுதலாக இருக்கும் என்று டிமொத்தி ஜட்ஜ் உள்ளிட்டோரின் ஆய்வுகள் காட்டுவது உண்மைதான். அதைச் சாக்காக்குவதுதான் எனக்கு ஏற்புடையதல்ல. நிறுவனத்தோடு அதிகம் ஒன்றியிருந்தவர்களைத்தான் அநீதி அதிகம் புண்படுத்துகிறது என்று ஜோயல் ப்ராக்னர் குழு 1992-ல் காட்டியிருக்கிறது. அப்படியானால் இன்று கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர், நேற்றுவரை இதைத் தன் சொந்த இடமாக நினைத்தவராக இருக்கலாம். அவரைத் தனியாக அழைத்து, எந்த முடிவு உறுத்தியது என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள்.