ஒரு பகலில் நடந்து திரும்ப: எல்-பூரும் ஆங்கிலேயர் பாதையும்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் நடைபாதையைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதைவிட, எத்தனை மீட்டர் ஏற்றம் என்று கேட்பதுதான் பயன்படும். இங்கே வழக்கமான கணக்கு இது: சமதரையில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர் உயரம், இறக்கத்தில் 500 மீட்டர். சாலாசி பள்ளத்தாக்கில் உள்ள மலையூரான எல்-பூர் ஏறக்குறைய 930 மீட்டரில் இருக்கிறது, அதற்கு நேர் மேலே உள்ள பெலூவ் மலைவிடுதி 1,500 மீட்டரில். வரைபடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல்தான் தெரியும். ஏறிப் பார்த்தால் இரண்டு மணி நேரம். குழந்தைகளோ அறுபதைத் தாண்டியவர்களோ கூட வந்தால் இன்னும் பாதி சேர்த்து மூன்று மணி. மொத்த ஏற்றம் 300 மீட்டருக்குள் இருந்தால் மட்டும் அதை எளிய நடை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை முடிவு செய்வது மேகம். காலை பத்து, பதினொரு மணிக்கெல்லாம் சாலாசி பள்ளத்தாக்கில் மேகம் ஏறிவிடும். அதன்பின் மலையும் தெரியாது, அருவியும் தெரியாது. ஏழரை, எட்டுக்கு நடக்கத் தொடங்குவது நல்லது. மே முதல் நவம்பர் வரை மழை குறைவு, ஆனால் ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அந்திவெளிச்சமும் நெடுநேரம் நிற்காது. தைப்பூசக் காவடி வரும் ஜனவரி, பிப்ரவரி புயல்காலம். அந்த மாதங்களில் மலைநடையை விட்டுவிடலாம்.

புறப்படும் முந்தைய நாள் மாலை இரண்டைப் பாருங்கள்: மெத்தியோ-பிரான்சின் வானிலை அறிவிப்பு, வனத்துறையான ஓ.என்.எஃப். வெளியிடும் மூடிய பாதைகளின் பட்டியல். இரண்டாவதைப் பலர் பார்ப்பதில்லை. 2025 பிப்ரவரி 28 அன்று கராந்ஸ் புயல் அடித்த பிறகு பல பாதைகள் மூடப்பட்டன. பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காகத் தடுப்பைத் தாண்டிப் போகாதீர்கள். இங்குள்ள பாறை உதிரிப்பாறை. 1875இல் சாலாசியின் கிராண்ட் சாப்ல் என்ற குடியிருப்பையே மலைச்சரிவு மூடிவிட்டது.

எல்-பூர்

பிரான்சின் மிக அழகிய கிராமங்கள் என்ற பட்டியலில் இடம்பெற்ற ஊர் இது. 1838 முதல் 1841 வரை ஆளுநராக இருந்த கடற்படைத் தளபதி தெ எல் என்பவரின் பெயர்தான் ஊர்ப்பெயர். வண்டியில்லாதவர்கள் சேன்-ஆந்த்ரே பேருந்து நிலையத்திலிருந்து சாலாசி போய், அங்கே மாறி ஏற வேண்டும். திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு, விடுமுறை நாட்களில் வண்டிகள் குறைவு.

முதலில் பழைய வெந்நீர்க் குளியலிடத்துக்கு இறங்குங்கள். ஊரின் ஓரத்திலிருந்து கால்மணி நேர இறக்கம்தான். 1830களில் கண்டறியப்பட்ட ஊற்று இது. கடற்கரை வெயிலுக்குத் தப்பி வந்த வசதியானவர்கள் இங்கே குளிக்கத் தங்கினார்கள்; ஊர் வளர்ந்ததே அவர்களால்தான். 1948 புயலோடு ஊற்று போய்விட்டது. இப்போது மிச்சமிருப்பது இடிந்த சுவர்களும் ஓடு பதித்த தொட்டிகளும். படிகளில் பாசி இருக்கும், ஆகவே இறங்கும்போது பக்கவாட்டில் காலை வையுங்கள். ஈரமான நாளில் வழுக்கி விழுபவர்களில் பலர் ஏறும்போது விழுவதில்லை, இந்த இறக்கத்தில்தான் விழுகிறார்கள்.

மேலே வந்த பிறகு தெருக்களை அவசரமில்லாமல் சுற்றுங்கள். கூரை விளிம்பில் மரத்திலோ தகரத்திலோ வெட்டிய லாம்ப்ரெக்கன் அலங்காரத்தையும், தோட்டத்து மூலையில் தெருவைப் பார்த்தபடி நிற்கும் கெத்தாலி மண்டபத்தையும் தவறவிடாதீர்கள். மேகம் வந்த பிறகு பார்ப்பதற்கு 19ஆம் நூற்றாண்டு வீடான மெசோன் ஃபோலியோ இருக்கிறது. இந்தியப் பெருங்கடல் இசைக்கருவிகளின் அருங்காட்சியகமும் இதே ஊரில்தான். மழை பெய்தாலும் பகல் வீணாகாது.

கால் இன்னும் கேட்டால் இலே-ஆ-விதோ நோக்கிச் செல்லும் தார்ச்சாலையில் நடங்கள். இருபுறமும் சௌசௌ பந்தல்கள், எதிரே தட்டையான தலையோடு பித்தோன் தான்ஷேன். அந்தக் குன்றின் மீது ஏறுவது எளிய நடையில் சேராது, கீழிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எல்-பூரை மேலிருந்து பார்க்க ஆசையா? ஏற வேண்டாம். இன்னொரு நாள் லா பிளேன்-தே-பால்மிஸ்த் வழியாகப் பெபூர் காட்டுச்சாலையில் வண்டியில் பெலூவுக்கே போய்விடலாம். மலைப்பகுதித் தாமரென் மரங்களுக்கிடையே சிறிது நடந்தால் விளிம்பு வந்துவிடும். கூட்டத்தில் முட்டிவலிக்காரர் ஒருவர் இருந்தாலும் இதுவே சிறந்த வழி. சேறு மட்டும் நிச்சயம்.

ஆங்கிலேயர் பாதை

தீவின் வடமேற்குக் கடற்கரையில் லா பொசெசியோனிலிருந்து கிராந்த் ஷாலூப் வரை, 18ஆம் நூற்றாண்டில் கருங்கல் பாவிய பழைய சாலை. சுமார் இரண்டு மணி நேரம். 1810 ஜூலையில் தீவைப் பிடிக்க வந்த ஆங்கிலேயப் படையின் ஒரு பிரிவு கிராந்த் ஷாலூப்பில் கரையிறங்கி தலைநகர் சேன்-தெனி நோக்கி ஏறியது. அந்தப் படையில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள்.

லா பொசெசியோன் பக்கமிருந்து தொடங்குங்கள். அப்போதுதான் லாசரே கடைசியில் வரும். 1860களில் எழுந்த இந்தத் தனிமைப்படுத்தும் நிலையத்தில்தான், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் வந்த நம் முன்னோர் பலர் கப்பலிலிருந்து இறங்கி நாட்களைக் கழித்தார்கள். அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடும் இடமில்லை. உள்ளே திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே பழைய ரயில் நிலையமும் இருக்கிறது.

இங்கே எதிரி மழை இல்லை, வெயில். காற்றுமறைவான வறண்ட சரிவு, நிழல் கிடையாது, வழியில் தண்ணீரும் கிடையாது. ஆறரைக்கே தொடங்கி, ஆளுக்கு 2 லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். கற்கள் தேய்ந்து ஏறுமாறாக இருக்கும், கணுக்கால் பிசகுவது இங்கேதான். தூறல் விழுந்தால் அதே கல் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். இரண்டு வண்டி இருந்தால் ஒன்றைக் கிராந்த் ஷாலூப்பில் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் திரும்பி நடக்கும் இரண்டு மணி நேரத்தையும் கணக்கில் சேருங்கள். அங்கிருந்து சேன்-பெர்னார் போகும் தொடர்ச்சி செங்குத்தானது.

பையும் பாதைக்குறியும்

அடிப்பாகம் தேயாத காலணி, மழைச்சட்டை, ஒரு மாற்று பனியன், தலைவிளக்கு. எல்-பூருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும். புளிச்சோறு தாங்கும், தயிர்ச்சோறு கிராந்த் ஷாலூப் வெயிலில் புளித்துவிடும். சாமுசாவும் போன்போன் பிமான் என்ற மிளகாய் வடையும் சேன்-ஆந்த்ரேயிலேயே வாங்கிவிடுங்கள். எல்-பூர் உணவகத்தில் சாப்பிடுவதானால் பன்னிரண்டு மணிக்கே உட்காருங்கள், பிற்பகலில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

வெள்ளை-சிவப்புக் கோடு நெடும்பாதைக்கு. எல்-பூர் வழியாகப் போகும் ஜி.ஆர். ஆர்1 அப்படிப்பட்டது, பல நாள் நடை. அதன் கோட்டைப் பார்த்து ஏறிவிட்டால் மதியம் எங்கோ இருப்பீர்கள். பெருக்கல்குறி கண்டால் தவறான வழி, கடைசியாகக் குறி பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள். பிரான்சின் நிலவரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் வரைபடத்தில் 4402 ஆர்.டி. தாள் எல்-பூரைக் காட்டும், அதில் 1 சென்டிமீட்டர் 250 மீட்டர். பள்ளத்தாக்கில் கைப்பேசிக்கு அலை கிடைக்காத இடங்கள் உண்டு, ஆகவே எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவசரத்துக்கு 112.

விஷப்பாம்பு இந்தத் தீவில் இல்லை. கவனிக்க வேண்டியது எலிக்காய்ச்சல். சேற்றிலும் தேங்கிய நீரிலும் அதன் கிருமி இருக்கும், சிறு கீறலையும் பிளாஸ்திரி போட்டு மூடுங்கள். நடந்து வந்த சில வாரங்களுக்குள் கடுங்காய்ச்சல் கண்டால், மருத்துவரிடம் சேற்றில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.