சுலு கிராமத்துப் பாஸ்டர்களுக்கு டிரெய்னிங் குடுக்கப் போறீங்களா?

தென்னாப்பிரிக்காவுல டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்ல இருந்து குவாசுலு-நாட்டால் மாகாணத்து உள்கிராமத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி காலண்டரப் பாருங்க, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மக்காச்சோளம் வெதைக்கிற நேரம், பாஸ்டரும் காட்டுலதான் நிப்பாரு, அதனால ஜூன் ஜூலைல வச்சுக்கங்க. போனதும் ஊர்ப் பெரியவர், அதாவது இந்துனாவைப் பார்த்து சொல்லிட்டுத்தான் எதையும் ஆரம்பிக்கணும்.

இங்கிலீஷ் நோட்ஸ் வேணாங்க. சுலுல முழு பைபிள் 1883லயே வந்தாச்சு, அதையே கையில எடுங்க. ஒரு நாளைக்கு ஒரே பகுதி போதும். இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமைன்னு வைங்க, ஒருத்தர் சத்தமா வாசிக்கட்டும், புஸ்தகத்த மூடிட்டு இன்னொருத்தர் அவர் வாயால சொல்லட்டும், விட்டுப்போனத மத்தவங்க சேர்க்கட்டும், அப்புறம் உங்க சபைல யாருக்கு இது வேணும்னு கேளுங்க, நீங்க அமைதியா இருங்க, இதுதான் ரொம்பக் கஷ்டம். மறுநாள் ஆளுக்குப் பத்து நிமிஷம் பிரசங்கம். சுலுல பாஸ்டர உம்ஃபுன்டிசின்னுதான் கூப்பிடுவாங்க, கத்துக்குடுக்கிறவர்னு அர்த்தம், எவ்வளவு அழகான பேரு!

சாவு வீட்டுல ராத்திரி முழிச்சிருந்து பாடி ஜெபிக்கிறது அங்க வழக்கம், அங்க என்ன பேசணும்னு கண்டிப்பா ஒரு நாள் ஒதுக்குங்க. கிளம்பும்போதே அடுத்து வர்ற தேதியச் சொல்லிட்டு வாங்க.