தூரத்தை வேகத்தால் வகுத்தால் மட்டும் போதாது

இரண்டு ஊர்களுக்கு இடையே விமானம் எவ்வளவு நேரம் பறக்கும் என்று தெரிந்துகொள்ள, பலரும் முதலில் போடுவது வகுத்தல் கணக்கு. பயணிகள் விமானம் மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வரை போகும், ஊர் 900 கிலோமீட்டரில் இருக்கிறது, அப்படியென்றால் ஒரு மணி நேரம். ஆனால் அந்த வேகம் உயரத்தில் ஏறி நிலைகொண்ட பிறகுதான் வரும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, தரையிறங்கத் தன் முறைக்காக வானில் வட்டமடிப்பது எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கும். டிக்கெட்டில் போடும் நேரமும் சக்கரம் தரையைவிட்டு எழும் நேரம் அல்ல. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரும் நேரம்.

அடுத்தது, தட்டையான வரைபடத்தில் கோடு போட்டுப் பார்ப்பது. நியூயார்க்கிலிருந்து டோக்கியோவுக்கு அப்படிக் கோடு இழுத்தால் பசிபிக் கடலின் நடுவே போகும். உருண்டையான உலக மாதிரியில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அது அலாஸ்கா பக்கமாக வளையும். அதுதான் குறுக்குவழி. அதிலும் எப்போதும் போக முடியாது. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபோது ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து ஏறக்குறைய 13 மணி நேரமாகிவிட்டது. ஊர்கள் இருந்த இடத்திலேயேதான் இருந்தன.

போகிற நேரமே திரும்பி வரவும் ஆகும் என்று நினைப்பதும் தவறு. லண்டனிலிருந்து நியூயார்க் போக சுமார் 8 மணி நேரம், திரும்பி வர சுமார் 7. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் பலத்த காற்றோட்டம் ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது, மறுபக்கம் எதிர்க்கிறது. 2020 பிப்ரவரியில் புயல்காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

பயணத்தையே கெடுக்கிற தவறு வேறொன்று. டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். லண்டனில் காலை 10 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் பகல் 1 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், பயணம் 3 மணி நேரம் அல்ல. இரண்டு ஊருக்கும் 5 மணி நேர வித்தியாசம், அதைக் கூட்டினால் 8. திரும்பும்போது மாலை 7-க்குக் கிளம்பி மறுநாள் காலை 7-க்கு இறங்கினால் 12 என்று தோன்றும், கழித்தால் 7. அந்த 5 மணி நேரமும் நிலையானதல்ல. கோடைக்காலக் கடிகார மாற்றம் அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு, பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 4 மணி நேரம்தான். கணக்குப் போடாமல், டிக்கெட்டிலேயே மொத்தப் பயண நேரம் இருந்தால் அதைப் பாருங்கள். இணைப்பு விமானமென்றால் நடுவே காத்திருப்பதும் அதில் சேர்ந்திருக்கும்.

தூரம் மைலிலா, கடல் மைலிலா என்பதையும் கவனியுங்கள். கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் சுமார் 1.609.

கடைசியாக, தேதி. 15-ஆம் தேதி 00:30 மணிக்கு விமானம் என்றால், 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்த கையோடு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.